வீட்டுக்கு ஆகும் மூங்கில் கன்று: விதை, போத்து, கிழங்கு, திசு வளர்ப்பு – எதை வாங்கலாம்?

கட்டட வேலைக்கென்று விற்கப்படும் மூங்கில் கன்றில் பணம் கொடுத்து வாங்கத்தக்கவை இரண்டுதான்: தாய்ப்புதர் எது என்ற உறுதி, அந்தப் புதர் பூக்க இன்னும் எத்தனை ஆண்டு இருக்கும் என்பதற்கான தடயம். இரண்டும் பையைப் பார்த்தால் தெரியாது. பெயர்ச்சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம், ராட்சத வகை, அதிவேக வளர்ச்சி, இரும்புக்கு நிகர் என்பதெல்லாம், பெரும்பாலும் தண்ணீர், உரம், வெட்டும் வயது, மருந்தேற்றம் ஆகியவற்றின் பலன். கன்றோடு கூடவே வருவதில்லை. சந்தையில் ஐந்து வடிவங்களில் நடவுப்பொருள் கிடைக்கிறது: விதை, விதைக்கன்று, போத்து (வேர்விட வைத்த கழித்துண்டு அல்லது கிளைத்துண்டு), கிழங்கு, திசு வளர்ப்புக் கன்று (ஆய்வகக் குப்பியில் பெருக்கியது). எதை எந்த வேலைக்கு எடுக்கலாம் என்று சொல்லுமுன், கழியின் குணத்தில் மரபின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

கழியில் மரபு எங்கே இருக்கிறது

மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்கு ஆண்டு தண்டைப் பருக்க வைக்கும் வளர்திசு மரத்துக்கு உண்டு, மூங்கிலுக்குக் கிடையாது. முளை மண்ணைப் பிளந்து வரும்போது என்ன பருமனோ, கடைசி வரை அதே பருமன். இரண்டு முதல் நான்கு மாதத்தில் முழு உயரத்தை எட்டிவிடும். அதன்பிறகு மாற்றம் எல்லாம் உள்ளே: நார்ச் செல்களின் சுவர் அடுக்கடுக்காகத் தடிக்கிறது, செல்சுவரை இறுக்கும் லிக்னின் படிகிறது. மூன்று ஆண்டு தாண்டினால்தான் கழி பாரம் தாங்கும் தரத்துக்கு வரும்.

குறுக்குவெட்டில் ஏறத்தாழ பாதி மாவுச்சத்தைச் சேமிக்கும் மென்திசு, 40 சதவீதம் நார், 10 சதவீதம் நீரும் உணவும் ஓடும் குழாய்த்திசு. நார் வெளிப்பக்கம் நெருக்கமாகவும் உட்பக்கம் தளர்வாகவும் அமைந்திருக்கும். இந்த விகிதமும் நெருக்கமும், கணுவிடையின் நீளம், சுவர் எவ்வளவு தடிக்க முடியும் என்ற எல்லை, கிளை எந்தக் கணுவில் தொடங்கும், நுனி நோக்கி எவ்வளவு விரைவாக மெலியும் என்பவையும் இனத்தையும், இனத்துக்குள் அந்தந்தக் குளோனையும் (ஒரே தாயிலிருந்து வந்த நகல்களின் கூட்டத்தையும்) பொறுத்தவை. கன்று வாங்கும்போது உண்மையில் வாங்குவது இந்த எல்லைகளைத்தான். எல்லைக்குள் எங்கே போய் நிற்கும் என்பதை மண் முடிவு செய்யும்.

இதற்குக் கல்மூங்கில், அதாவது டென்ட்ரோகலாமஸ் ஸ்டிரிக்டஸ், நல்ல சாட்சி. வறண்ட மேட்டு நிலத்தில் அதன் கழி உள்ளே துளையே இல்லாமல் கெட்டியாக வரும். அதே இனம் ஈரமான வளமண்ணில் பருத்து, உள்ளே குழலாகிவிடும். ஆகவே "உள்கெட்டி ரகம்" என்று கல்மூங்கில் கன்றுக்கு ஒரு நாற்றங்கால் உத்தரவாதம் கொடுத்தால், அதில் பாதியை உங்கள் தோட்டத்துக் கிணறுதான் கொடுக்க வேண்டும். மறுபக்கம், சீனாவின் மோசோ மூங்கிலில் 'பாக்கிலோயன்' என்ற தடிச்சுவர் வடிவம் இருக்கிறது. இடம் மாற்றி நட்டாலும் தடிச்சுவரே தொடர்கிறது. அது மரபில் நிகழ்ந்த மாற்றம். இந்த இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தடிச்சுவருக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

தடிச்சுவர்மீது இருக்கும் மோகத்தையும் கொஞ்சம் அளந்து பார்க்கலாம். 100 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. சுவரும் உள்ள கழியை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டத்தை மாற்றாமல் சுவரை மட்டும் 15 மி.மீ. ஆக்கினால் வளைவை எதிர்க்கும் விறைப்பு 29 சதவீதம் கூடும். பொருளும் எடையும் 42 சதவீதம் கூடும். சுவரை 10 மி.மீ. ஆகவே விட்டுவிட்டு விட்டத்தை 120 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 82 சதவீதம் கூடும், எடை 22 சதவீதம்தான் கூடும். உத்தரம், கைமரம் போன்ற வளையும் உறுப்புகளுக்கு விட்டம் கொடுக்கும் குளோன் வேண்டும். தடிச்சுவர் பயன்படும் இடம் வேறு: போல்ட் துளையிடும் இணைப்பு, கழிமேல் கழி உட்கார்ந்து நசுக்கும் இடம், மீன்வாய் வெட்டு (ஒரு கழியின் முனையை மற்றொன்றின் வளைவில் பொருந்தக் குடைவது). மூங்கில் கட்டடம் பெரும்பாலும் கழி ஒடிந்து விழுவதில்லை. இணைப்பில் நீளவாக்கில் பிளந்துதான் கெடும். எனவே எந்த உறுப்புக்கு என்று சொல்லாமல் "கட்டட மூங்கில்" என்று ஒரே கன்றைப் பரிந்துரைக்கும் விற்பனையாளரிடம் இரண்டாவது கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

இனங்கள், ஒவ்வொன்றாக

குவாதுவா அங்குஸ்டிஃபோலியா. தென் அமெரிக்க இனம். நேராக வளர்கிறது, மெதுவாக மெலிகிறது, நார் அடர்த்தி நன்று. கணுவில் வெள்ளைப் பட்டை, முக்கோண வடிவப் பாளை (கழியைப் போர்த்தும் உறை), முள் ஆகியவற்றால் அடையாளம் காணலாம். 10 முதல் 14 செ.மீ. விட்டம் சாதாரணம். கொலம்பியாவின் கட்டட விதித்தொகுப்பான என்.எஸ்.ஆர்.-10 இந்த ஒரே இனத்துக்காக ஜி.12 என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. அங்கே மக்கானா, கஸ்தீல்யா, செபோல்யா என்று உள்ளூர் வடிவங்களைப் பிரிக்கிறார்கள். கட்டட வேலைக்கு மக்கானாவைத்தான் தேடுவார்கள். வேறு நாடுகளில் கன்று விற்பவர் சீட்டில் வெறும் "குவாதுவா" என்றுதான் இருக்கும். இதே பேரினத்தில் சுவர் தரத்தில் வேறுபடும் மற்ற இனங்களும் இருப்பதால், முழுப்பெயரும் வடிவமும் எழுத்தில் இல்லாமல் வாங்கக் கூடாது. கிழங்குக் கழுத்து மற்ற புதர் மூங்கில்களைவிட நீளம் என்பதால் புதர் விரிந்து பரவும். வெட்டி எடுக்க அது வசதி. வேலி ஓரத்துக்கு ஆகாது.

டென்ட்ரோகலாமஸ் ஆஸ்பர். வெப்பமண்டலத்தில் பெரிய கழி வேண்டுவோருக்கு முதல் தேர்வு இதுதான். 20 முதல் 30 மீட்டர் உயரம், 8 முதல் 20 செ.மீ. விட்டம், அடிப்பகுதியில் 20 மி.மீ.யைத் தொடும் சுவர். அடிக்கணுக்களில் பழுப்பு வெல்வெட் மாதிரி மென்மயிரும் காற்றுவேர்களும் இருக்கும். முளை உணவாகவும் பயன்படுவதால் சில குளோன்கள் முளைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவை எண்ணிக்கையில் அதிக முளை தரும். கழியாக விடும்போது மெலிந்து போகும். வாங்கும்போது இதைக் கேளுங்கள்.

டென்ட்ரோகலாமஸ் ஜைஜான்டியஸ் இதைவிடப் பெரிது. ஆனால் ஒரு கழியை வெட்டி, இறக்கி, மருந்துத் தொட்டிக்குள் புகுத்த ஆள்பலமும் தொட்டி நீளமும் வேண்டும். சின்ன வீடுகளுக்கு அது தேவையில்லாத பெருமை. இளங்கன்றில் இதையும் ஆஸ்பரையும் பிரித்தறிவது வல்லுநருக்கே கடினம். இரண்டும் ஒன்றின் பெயரில் மற்றொன்றாக விற்கப்படுகின்றன.

பாம்பூசா பால்கூவா. தடிச்சுவர், வலுவான கழி, சாரத்துக்கும் தூணுக்கும் நல்லது. குறை என்னவென்றால் கணு புடைத்திருக்கும், அடிக்கணுக்களிலேயே தடித்த கிளை வரும், கொஞ்சம் வளையும். தட்டையான சுவர்ச் சட்டகத்துக்குள் இதைப் பொருத்துவது தச்சரின் பொறுமையைச் சோதிக்கும். இதன் மரபில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: பூத்தாலும் முளைக்கும் விதை பிடிப்பதில்லை. எனவே பால்கூவா என்ற பெயரில் விதைப் பொட்டலம் விற்றால் அது பால்கூவா அல்ல. பாம்பூசா வல்காரிஸுக்கும் இதே விதி. இந்த ஒரு தகவலே இணையத்தில் விற்கும் விதைப் பொட்டலங்களில் கணிசமானதை ஒதுக்கிவிட உதவும்.

கல்மூங்கில் மெலிந்த கழி. கைமரம், வரிச்சு, ஈட்டிபோல் நேரான கம்பு வேண்டிய இடங்களில் தேறும். வறட்சியைத் தாங்கும். முள்மூங்கில், அதாவது பாம்பூசா பாம்போஸ், வலுவானது. ஆனால் முள்ளும் பின்னிய கிளையும் காரணமாக வெட்டுக்கூலி கழியின் மதிப்பைத் தின்றுவிடும். வல்காரிஸ் எங்கும் வேர்விடும், போத்து வைத்தாலே போதும். மாவுச்சத்து அதிகம் என்பதால் துளைவண்டு முதலில் தேடிப் போவதும் இதையே. மருந்தேற்ற வசதி இல்லாதவர் கட்டடத்துக்காக இதை நடவே வேண்டாம். மோசோ குளிர்காலம் உள்ள நாட்டுச் செடி. வெப்பமண்டலச் சமவெளியில் அதன் விதையை வாங்குவோருக்கு மெலிந்த புதர்தான் மிஞ்சும். குளிர்நாட்டிலோ நிலத்தடியில் ஓடிப் பரவும். 60 முதல் 75 செ.மீ. ஆழத்துக்குத் தடுப்புத் தாள் புதைக்காமல் நடக்கூடாது.

பூப்புக் கணக்கு

கட்டட மூங்கிலை வாங்குவோர் பெரும்பாலும் கேட்காத கேள்வி இதுதான். பெரிய மூங்கில்களில் பல, வாழ்நாளில் ஒருமுறை பூத்து, விதைத்து, சாகும். இடைவெளி இனத்துக்கு இனம் வேறு: முளி மூங்கில் எனப்படும் மெலோகன்னா பாக்ஸிஃபெராவுக்கு ஏறக்குறைய 48 ஆண்டு, ஜப்பானின் மதாக்கே மூங்கிலுக்கு ஏறக்குறைய 120 ஆண்டு. கணக்கு இருப்பது செடிக்குள்ளேயே, நட்ட இடத்தில் அல்ல. ஜப்பானில் 1912-இல் சேகரித்த மோசோ விதையின் கன்றுகளை வெவ்வேறு இடங்களில் வளர்த்தார்கள். 67 ஆண்டு கழித்து 1979-இல் அவை பூத்தன.

இதன் நடைமுறைப் பொருள் கடுமையானது. போத்து, கிழங்கு, முதிர்ந்த புதரின் கணுவிலிருந்து எடுத்த திசு வளர்ப்புக் கன்று, மூன்றுமே தாயின் வயதைத் தாங்கி வருகின்றன. தாய் முளைத்து 40 ஆண்டு ஆகியிருந்தால், பையில் இருக்கும் ஒரு முழக் கன்றுக்கும் வயது 40. அந்த இனம் 45-இல் பூக்கும் என்றால் உங்கள் தோட்டம் முதல் அறுவடையைப் பார்ப்பதற்குள் பூத்துச் சாகும், அதுவும் எல்லாப் புதரும் ஒரே நேரத்தில். விதையிலிருந்து வந்த கன்றுக்கு முழு ஆயுள் உண்டு. ஆனால் அதன் தரம் என்னவென்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு விதையும் தனி மரபு. தெரிந்த தரமும் தெரியாத ஆயுளும் ஒருபக்கம், தெரிந்த ஆயுளும் தெரியாத தரமும் மறுபக்கம். எந்த நடவுப்பொருளை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

மீதி ஆயுளைச் சொல்லும் ஆய்வகச் சோதனை எதுவும் விற்பனையில் இல்லை. இருக்கும் ஒரே வழி பதிவேடுதான்: தாய்ப்புதர் எந்த ஆண்டின் விதையிலிருந்து வந்தது, அந்த இனம் அந்தப் பகுதியில் கடைசியாக எப்போது கூட்டமாகப் பூத்தது. "இது பூக்காத ரகம்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். இன்னும் பூக்கவில்லை என்பதுதான் அவர் சொல்லக்கூடியது.

நடவுப்பொருள்: ஐந்தின் மதிப்பீடு

விதை. முளைப்புத்திறன் சில மாதங்களில் விழுந்துவிடும். அறுவடைத் தேதி இல்லாத பொட்டலம் குப்பைக்குச் சமம். கூட்டமாகப் பூத்த ஆண்டில், புதிதாக எடுத்த விதை என்றால் மட்டும் வாங்கலாம், அதுவும் விலை மலிவு என்பதற்காக அல்ல, கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது என்பதற்காக.

விதைக்கன்று. இங்கே வேலை முழுக்கக் கழிப்பதில் இருக்கிறது. வெள்ளை இலைக் கன்று, குட்டைக் கன்று, வேர் சுருண்டது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நாற்றங்காலில் முந்தி நிற்கும் பத்தில் ஒரு பங்கை மட்டும் நட்டால் தோட்டம் ஓரளவு சீராக வரும். நாற்றங்காலில் நன்றாக வளர்ந்தது கழித்தரத்திலும் நன்றாக இருக்கும் என்று உறுதி இல்லை; வீரியம் வேறு, நார் அடர்த்தி வேறு. ஐந்தாறு ஆண்டு கழித்துக் கழியை அளந்து, நல்ல புதர்களைத் தாயாக்கி, மோசமானவற்றைத் தோண்டி எறியத் தயாராக இருப்பவர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்களுக்குப் பொருந்தாது.

போத்து. தடிச்சுவர் உள்ள பாம்பூசா இனங்களுக்கும், ஆஸ்பரின் அடித்தடித்த கிளைகளுக்கும் நன்றாக வரும். இரண்டு கணுவுள்ள கழித்துண்டில் நடுவே துளையிட்டு, லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்.ஏ.ஏ. என்ற வேரூக்கி கலந்த நீரை உள்ளே ஊற்றி, துளையைக் கட்டி, கிடையாகப் புதைக்கும் முறை எளிது. ஏமாற்றுவது எங்கே என்றால், முதலில் இலைத்தளிர் வந்துவிடும். வேரும் கிழங்கும் வந்ததா என்பது வேறு விஷயம். தளிரை மட்டும் பார்த்து வாங்கினால் நட்ட முதல் வெயிலில் காய்ந்துபோகும். பையிலிருந்து எடுத்து, அடியில் பருத்த கிழங்கு மொட்டு தெரிகிறதா என்று பார்த்துவிட்டே எண்ணிக்கை போடுங்கள். கிழங்கு இல்லாத போத்து செடியாக நிற்கும், புதராகாது.

கிழங்கு. ஒன்றிரண்டு வயதுக் கழியை ஒரு மீட்டர் உயரத்தில் நறுக்கி, கிழங்கோடும் வேரோடும் தோண்டி எடுப்பது. மரபுத் தூய்மைக்கு இதைவிடச் சான்று கிடையாது, தாய்ப்புதரை நேரில் பார்த்து, அதன் கழியை அளந்தே எடுக்கலாம். கழிப்பருமன் எல்லாவற்றையும்விட விரைவாக வரும். கனமும் கூலியும் தாய்ப்புதருக்கு வரும் சேதமும்தான் குறை. ஒரு புதரிலிருந்து ஓரிரண்டுக்கு மேல் எடுத்தால் அந்தப் புதர் படுத்துவிடும். ஒரு வீட்டுக்கு வேண்டிய பத்துப் பதினைந்து புதர் போதும் என்பவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். குழித்தட்டின் பக்கமே போக வேண்டியதில்லை.

திசு வளர்ப்புக் கன்று. பெரிய நடவுக்கு வேறு வழி இல்லை, அதனால் இதை நிதானமாகப் பார்க்கலாம். தேர்ந்தெடுத்த தாய்ப்புதரின் பக்கக்கிளைக் கணுவை எடுத்து, மேற்பரப்பைக் கிருமிநீக்கி, முராஷிகே–ஸ்கூக் என்ற ஊட்ட ஊடகத்தில் சைட்டோகைனின் என்ற தளிரூக்கி சேர்த்துத் தளிர்விட வைக்கிறார்கள். வரும் தளிர்களை மூன்று நான்காகச் சேர்த்துக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றிப் பெருக்குவார்கள். இப்படி ஒரு மாற்றம் ஒரு சுழற்சி. பிறகு ஆக்ஸின் என்ற வேரூக்கி கலந்த ஊடகத்தில் வேர், அதன்பின் பனிமூட்ட அறை, நிழல்வலை, வெளி வெயில்.

கெடும் இடங்கள் நான்கு. முதலாவது, கணுவுக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியா பல சுழற்சி கழித்துத் தலைகாட்டி முழுத் தொகுதியையும் சோர்வாக்கும். இரண்டாவது, கணுமொட்டுக்குப் பதிலாகக் கேலஸ் எனப்படும் உருவமற்ற செல்திரள் வழியாகப் பெருக்கினால் மரபு பிசகும். வெள்ளைக் கன்றுகள் அதன் கண்கூடான அடையாளம், கண்ணுக்குத் தெரியாத பிசகுகளும் கூடவே வரும். மூன்றாவது, ஒரே தாய்க்கணுவைக் கணக்கில்லாமல் சுழற்றுவது. சுழற்சி கூடக் கூட பிசகு சேரும், வேர்விடும் திறனும் குறையும். நான்காவது, அவசரமாக வெளியேற்றுவது. குப்பிக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப்பூச்சு குறைவு, இலைத்துளைகள் சரியாக மூடாது. வெளியில் இரண்டு மூன்று மாதமாவது பழகாத கன்று, வயலில் ஒரு காற்றடிப்பில் வாடும்.

குப்பிக்குள்ளேயே மூங்கில் பூப்பதும் உண்டு. 1990-இல் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தார் அப்படிப் பூக்கவைத்து விதையும் எடுத்து நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆராய்ச்சிக்கு அது பொன்னான செய்தி, வாங்குவோருக்கு எச்சரிக்கை. தொகுதியில் ஒன்றிரண்டு கன்று பையிலேயே பூங்கதிர் விட்டிருந்தால், அந்தத் தொகுதியையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, திசு வளர்ப்புக் கன்று முதல் மூன்று ஆண்டு புல் மாதிரி மெலிந்த தண்டுகளாகத்தான் கிளம்பும். ஒவ்வொரு பருவத்து முளையும் முந்தையதைவிடப் பருத்து, முழுப்பருமனை எட்டப் பொதுவாக ஆறிலிருந்து எட்டு ஆண்டு. இரண்டாம் ஆண்டே கட்டடக்கழி என்று விளம்பரம் செய்பவர் இன்னும் மூங்கில் நடவில்லை என்று பொருள். இடையில் வரும் மெலிந்த கழிகளை எல்லாம் வெட்டிவிட்டால் கிழங்குக்குச் சோறு போடும் இலை போய்விடும், பருமன் ஏறாது. மூன்றாம் ஆண்டு வரை காய்ந்ததையும் ஒடிந்ததையும் தவிர எதையும் தொடக் கூடாது.

பெயர்ச்சீட்டை எப்படிச் சோதிப்பது

மூங்கில் வகைப்பாடு பூவை நம்பியது. பூவோ ஆயுளுக்கு ஒருமுறை. அதனால் நாற்றங்கால்கள் பாளையின் வடிவம், அதன் காது, நாக்கு, முடி இவற்றை வைத்துத்தான் பெயரிடுகின்றன. இளங்கன்றின் பாளையில் அந்த லட்சணங்கள் இன்னும் வந்திருக்காது. இலையை அனுப்பி டி.என்.ஏ. பட்டைக்குறியீடு பார்த்தால் போதும் என்று நினைப்போருக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. தலைமுறை நீண்டது என்பதால், அந்தச் சோதனை பெரும்பாலும் படிக்கும் பசுங்கணிக மரபுத்தொடர் மூங்கிலில் மெதுவாகவே மாறுகிறது. பாம்பூசா, டென்ட்ரோகலாமஸ் இரண்டுக்கும் இடையே கலப்பும் நடந்திருக்கிறது. பேரினம் வரை சொல்லும் சோதனை, இனத்தில் தடுமாறும்.

பயனுள்ள சோதனை வேறு: மைக்ரோசாட்டிலைட் எனப்படும் குறுந்தொடர் ஒப்பீடு. அது இனப்பெயரைச் சொல்லாது, ஆனால் இந்தக் கன்று அந்தத் தாயின் நகல்தானா என்று சொல்லும். கட்டடக்காரருக்கு வேண்டியதும் அதுதான். தாய்ப்புதரின் இளம் இலை, தொகுதியிலிருந்து கண்ணைமூடி எடுத்த பத்துக் கன்றுகளின் இலை, எல்லாவற்றையும் தனித்தனி உறையில் சிலிகா ஜெல்லோடு உலர்த்தி அனுப்பலாம். பத்தில் ஒன்று வேறுபட்டாலும் வழியில் எங்கோ தட்டு மாறியிருக்கிறது என்று பொருள்.

தாயின் தரத்துக்கும் தாள் கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. 22157 கழியின் அடர்த்தி, ஈரம், அமுக்கம், வளைவு, வெட்டு விசை ஆகியவற்றைச் சோதிக்கும் முறையைத் தருகிறது. இதன் இப்போதைய பதிப்பு 2019-இன்து. கழிகளைத் தரம்பிரிக்க 2018-இன் ஐ.எஸ்.ஓ. 19624, கட்டமைப்பு வடிவமைப்புக்கு 2021-இல் திருத்திய ஐ.எஸ்.ஓ. 22156. தாய்ப்புதரின் மூன்று, நான்கு வயதுக் கழிகளை அடி, நடு, நுனி என்று பிரித்துச் சோதித்த எண்கள் இருந்தால் அந்தக் குளோன் கட்டடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. "டன் கணக்கில் விளைச்சல்" மட்டும் இருந்தால், அது விறகுக்கும் காகிதக்கூழுக்கும் தேர்ந்தெடுத்த குளோன். அதிக எடையும் நல்ல கழியும் ஒன்றல்ல.

"மேம்படுத்தப்பட்ட ரகம்" என்ற சொல்லுக்கும் ஓர் அளவு இருக்கிறது. மோசோவின் மரபுத்தொகுதி வரைவு 2013-இல் வெளியானது. நான்மடியம், 48 குரோமோசோம். ஆசிய வெப்பமண்டலப் பெருமூங்கில்கள் பெரும்பாலும் ஆறுமடியம், 72-ஐ ஒட்டிய எண்ணிக்கை. ஒரு மரபணுவுக்கு இத்தனை படிகள், பூப்புக்குப் பூப்பு பல பத்தாண்டுகள் என்றால், நெல்லில் செய்வதுபோல் தலைமுறை தலைமுறையாகக் கலந்து தேர்ந்தெடுக்க வழியில்லை. 2020-இல் சீன ஆய்வாளர்கள் ஆறுமடிய டென்ட்ரோகலாமஸ் லாட்டிஃப்ளோரஸில் கிரிஸ்பர் என்ற மரபணு திருத்தும் முறையில் உயரத்தையே மாற்றிக் காட்டினார்கள். நாற்றங்காலில் கிடைக்கும் கன்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்று விற்கப்படும் "மேம்பட்ட" மூங்கில் என்றால் இயற்கையில் இருந்த நல்ல புதர் ஒன்றைக் கண்டுபிடித்து நகலெடுத்தது என்றே எடுத்துக்கொள்ளலாம். அது குறையில்லை. எந்தப் புதர் என்று சொல்லாததுதான் குறை.

உளுக்காத ரகம் என்று எதையும் வாங்காதீர்கள். இனங்களுக்கிடையே மாவுச்சத்தில் வேறுபாடு உண்டு, அது டைனோடெரஸ் துளைவண்டின் வேகத்தைக் கூட்டும் குறைக்கும். அவ்வளவுதான். வைரம் பாய்ந்த மரத்தில் இருப்பதுபோல் பூச்சியைத் தடுக்கும் நச்சுப்பொருள் எந்த மூங்கிலிலும் போதிய அளவு சேர்வதில்லை. எவ்வளவு உயர்ந்த குளோனாக இருந்தாலும் போரிக் அமிலம் ஒரு பங்குக்குப் போராக்ஸ் ஒன்றரைப் பங்கு கலந்த கரைசலில், கணுத்தடுப்புகளைக் கம்பியால் துளைத்து, ஒன்று முதல் இரண்டு வாரம் ஊற வைத்தே ஆக வேண்டும். போரான் மழையில் கரைந்து வெளியேறும் என்பதால் அகன்ற கூரைச்சரிவும் தரையைத் தொடாத அடிப்பீடமும் வேண்டும். கன்று விற்பவர் இதைச் சொல்லாமல் "இயற்கையாகவே நூறாண்டு" என்றால், மற்ற வாக்குறுதிகளையும் அதே எடையில் வைத்துப் பாருங்கள்.

வாங்கும் முறை

தட்டில் கன்று எடுக்கும்போது மூன்று நான்கு தண்டாவது இருக்க வேண்டும், அடியில் கிழங்கு மொட்டு, பை நிறைந்த வெள்ளை வேர். இலை கண்ணாடிபோல் பளபளத்தால் இன்னும் குப்பியின் நீர்வீக்கம் போகவில்லை. ரசீதில் குளோன் எண், தாய்ப்புதரின் இடம், அது முளைத்த ஆண்டு அல்லது கடைசிப் பூப்பு ஆண்டு, சுழற்சி எண்ணிக்கை நான்கும் எழுதி வாங்கவும். எழுத மறுத்தால் போத்துக் கன்றின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரே குளோனால் முழு நிலத்தையும் நிரப்புவதைத் தவிர்க்கவும். கழிகள் ஒரே அளவில் வரும் என்பது உண்மை; இணைப்பு வெட்டுக்கு அது பெரிய வசதி. ஆனால் பூப்பும் ஒரே காலத்தில் வரும், நோயும் ஒரே வழியில் நுழையும். வெவ்வேறு விதைத்தலைமுறையைச் சேர்ந்த இரண்டு மூன்று குளோன்களைத் தனித்தனிப் பாத்தியில், ஐந்து முதல் ஏழு மீட்டர் இடைவெளியில், எண்பலகையோடு நடுவது நல்லது. கலந்து நட்டால் எந்தக் கழி எந்தக் குளோன் என்று எட்டாவது ஆண்டில் யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டின் முளைக்கும் கழியிலேயே ஆண்டைச் சாயத்தில் குறியுங்கள். வயது தெரியாத கழியின் மரபுத் தரத்தை எந்தச் சோதனையாலும் மதிப்பிட முடியாது. ஒரு பாத்தியில் ஒரு புதர் பூங்கதிர் விட்டால் அந்தப் பாத்தியின் முதிர்ந்த கழிகளை எல்லாம் அந்தப் பருவத்திலேயே வெட்டி மருந்தேற்றிவிட வேண்டும். பூத்து முடிந்து நின்றபடியே காய்ந்த கழி நொய்ந்துவிடும், விறகுக்குத்தான் போகும்.